நாற்பதிலேயே வரும் மறதி: மரபணுச் சோதனைக்கு முன்னும் பின்னும்

கையோ காலோ முறிந்தால் எங்கே போவது என்று கேட்டால், தமிழ்நாட்டின் வட மாவட்டங்களில் எவரும் யோசிக்காமல் புத்தூர் என்பார்கள். திருத்தணிக்கும் ரேணிகுண்டாவுக்கும் இடையே ரயில் பாதையில் இருக்கும் அந்த ஆந்திர ஊரில், எலும்பு முறிவுக்குக் கட்டுப் போடும் பரம்பரை வைத்தியக் குடும்பங்கள் தலைமுறைகளாக இருக்கின்றன. ‘புத்தூர் கட்டு’ என்ற பெயர்ப்பலகையைத் தமிழ்நாட்டின் எத்தனையோ ஊர்களில் பார்க்கலாம். அதே புத்தூரில் 45 வயதுக்காரர் ஒருவர் கடைக்கணக்கைத் தப்பும் தவறுமாகப் போடத் தொடங்கினால், நாள்தோறும் நடந்த தெருவில் வழி தெரியாமல் நின்றால், அவரை எங்கே அழைத்துப்போவது? இதற்கு ஊரறிந்த முகவரி எதுவும் இல்லை. ‘மனசில் ஏதோ கவலை’, ‘குடிப்பழக்கம்’, ‘யாரோ செய்வினை வைத்துவிட்டார்கள்’ என்று ஓரிரு ஆண்டுகள் கழிந்துவிடுகின்றன. அவருடைய அப்பாவும் ஏறத்தாழ அதே வயதில் அப்படித்தான் ஆனார் என்பதை வீட்டில் யாராவது நினைவுகூர்ந்தால்கூட, மருத்துவரிடம் அதைச் சொல்ல வேண்டும் என்று தோன்றுவதில்லை.

அந்தத் தகவலில்தான் இந்த நோயை அறியும் வழியே தொடங்குகிறது. 65 வயதுக்கு முன் தொடங்கும் அல்சைமர் நோயை இளவயது அல்சைமர் என்கிறார்கள். அல்சைமர் நோயாளிகள் அனைவரையும் எடுத்துக்கொண்டால் அவர்களில் சுமார் 5 முதல் 6 விழுக்காட்டினரே இந்த வகை. அவர்களிலும் ஒரு சிறு பகுதியினருக்கு மட்டுமே ஒற்றை மரபணுப் பிழை நேரடிக் காரணமாக இருக்கிறது. மொத்தக் கணக்கில் அது 1 விழுக்காட்டுக்கும் குறைவு. ஆனால் அந்தப் பிழை ஓடும் குடும்பத்துக்கு விழுக்காட்டுக் கணக்கால் எந்த ஆறுதலும் இல்லை. அங்கே பிழையைச் சுமப்பவரின் ஒவ்வொரு பிள்ளைக்கும் அது வர 50 விழுக்காடு வாய்ப்பு உண்டு.

உலகில் முதன்முதலாக விவரிக்கப்பட்ட அல்சைமர் நோயாளியே இளவயதுக்காரர்தான். 1901 நவம்பரில் ஃபிராங்க்ஃபுர்ட் மனநல மருத்துவமனையில் சேர்க்கப்பட்டபோது அவுகுஸ்தே டேட்டருக்கு வயது 51. கணவருக்கு வேறு பெண்ணோடு தொடர்பு இருக்கிறது என்ற சந்தேகம் தொடக்கத்திலேயே தென்பட்ட அறிகுறிகளில் ஒன்று. மறதியும் குழப்பமும் அதோடு சேர்ந்துகொண்டன. அவர் 1906இல் இறந்த பிறகு மருத்துவர் அலோய்ஸ் அல்சைமர் அவருடைய மூளையை நுண்ணோக்கியில் ஆராய்ந்து, அதே ஆண்டு நவம்பரில் ட்யூபிங்கனில் நடந்த மருத்துவர் கூட்டத்தில் தன் கண்டுபிடிப்பைச் சொன்னார். 1910இல் மனநல மருத்துவர் க்ரேபெலின் தன் பாடநூலில் இந்த நோய்க்கு அல்சைமரின் பெயரைச் சூட்டினார். அதன்பின் நெடுங்காலம் ‘அல்சைமர்’ என்றாலே நடுவயதில் வரும் அபூர்வ நோய் என்றுதான் பொருள். முதியவர்களின் மறதியும் பெரும்பாலும் இதே நோய்தான் என்ற கருத்து 1970களில்தான் நிலைபெற்றது. இன்று நிலைமை தலைகீழாகிவிட்டது. அல்சைமர் கிழவர்களுக்கு மட்டுமே வரும் என்று படித்தவர்களும் நம்புகிறார்கள். நாற்பதுகளில் இருப்பவருக்கு இந்த நோய் கண்டறியப்படாமல் போவதற்கு இந்த நம்பிக்கை பெரிய காரணம்.

டேட்டரிடம் தெரிந்த சந்தேகத்தை நம் ஊரில் எப்படிப் புரிந்துகொள்வோம் என்று எண்ணிப் பார்க்க வேண்டும். ‘புருஷனைச் சந்தேகப்படுகிறாள்’ என்பது குடும்பச் சண்டையாகப் பஞ்சாயத்துக்குப் போகும். மறதியே இல்லாமலும் இளவயது அல்சைமர் தொடங்கலாம். பேச்சில் சொல் சிக்காமை, கண் நன்றாக இருந்தும் எதிரே உள்ள பொருளை அடையாளம் காண முடியாமை, கணக்கு வராமை, குணமாற்றம் என்று அது பல வேடங்களில் வரும். ப்ரெசெனிலின்-1 மரபணுவில் பிழை உள்ளவர்களில் சிலருக்கு வலிப்பும், கைகால் திடீரெனத் துள்ளுவதும், கால்கள் விறைத்துப்போவதும்கூட உண்டு. இதனால் கண் மருத்துவர், மனநல மருத்துவர், வலிப்பு மருத்துவர் என்று குடும்பம் அலைகிறது.

மறுபக்கமும் உண்டு. நடுவயதில் மறதி வந்தவர்களில் கணிசமானோருக்குச் சரிசெய்யக்கூடிய காரணம் இருக்கும். பி12 வைட்டமின் குறைவு, தைராய்டு குறைவு, மனச்சோர்வு, நாள்பட்ட குடி, தலையில் அடிபட்டு மூளையுறைக்கு அடியில் தேங்கிய ரத்தம், மூளை அறைகளில் நீர் மிகுதல், எச்ஐவி, சிபிலிஸ், மூளையில் நாடாப்புழுக் கட்டி, உடலின் எதிர்ப்புச் சக்தியே மூளையைத் தாக்கும் அழற்சி என்று அந்தப் பட்டியல் நீளும். இவை ஒவ்வொன்றுக்கும் மருத்துவம் இருக்கிறது. எனவே முதற்சோதனை ரத்தமும் ஸ்கேனும்தான். இவற்றையெல்லாம் விலக்காமல் மரபணுச் சோதனைக்குத் தாவுவது, குணமாகக்கூடிய மனிதரைக் கைவிடுவதற்குச் சமம்.

புத்தூருக்குப் பக்கத்திலேயே நடந்த ஓர் ஆய்வு, நோயறிதல் எவ்வளவு வழுக்கலான வேலை என்பதைக் காட்டியது. வளரும் நாடுகளில் முதுமை மறதியை ஆராய்ந்த ‘10/66’ குழுவுக்கு இந்தியாவில் இரண்டு களங்கள்: நகரத்துக்குச் சென்னை, கிராமத்துக்கு வேலூர். மறதி நோயாளிகளில் மூன்றில் இரண்டு பங்கினர் வாழும் நாடுகளில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவான ஆய்வே நடக்கிறது என்பதைச் சுட்டவே அந்தப் பெயர். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவர்கள் கணியம்பாடி வட்டாரத்தில் 65 வயதைக் கடந்த ஏறத்தாழ 1,000 பேரைச் சந்தித்தார்கள். அமெரிக்க மனநல அளவுகோலை வைத்துப் பார்த்தபோது நூற்றுக்கு ஒருவருக்குக்கூட நோய் இருப்பதாகத் தெரியவில்லை. கிராமத்து வாழ்வுக்கும் படிப்பறிவின் அளவுக்கும் ஏற்ப வகுக்கப்பட்ட 10/66 முறையில் பார்த்தபோது எண்ணிக்கை பல மடங்கு உயர்ந்தது. வேறுபாட்டுக்கு முக்கியக் காரணம் உறவினர்களின் பதில். வேலை செய்யும் திறன் குறைந்திருக்கிறதா என்பது அமெரிக்க அளவுகோலுக்கு முக்கியமான கேள்வி. வேளைக்குச் சோறு போட்டு, குளிப்பாட்டி, கைப்பிடித்து அழைத்துச் செல்லும் குடும்பத்தில் பெரியவரிடம் எவரும் வேலை எதிர்பார்ப்பதில்லை. ஆகவே ‘குறை ஒன்றும் இல்லை’ என்றே பதில் வந்தது.

இந்த ஆய்வு முதியவர்களைப் பற்றியது. ஆனால் மருத்துவர் கேட்கும் கேள்வி வீட்டின் வாழ்க்கைக்குப் பொருந்தாவிட்டால் நோய் கண்ணில் படாது என்ற பாடம் எல்லா வயதுக்கும் பொருந்தும். நாற்பதுகளில் இருக்கும் நெசவாளியிடம், லாரி ஓட்டுநரிடம், தோட்டத்தில் வேலை செய்யும் பெண்ணிடம் எதைக் கேட்க வேண்டும்? நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொல்வதில் பயனில்லை. பாவு பிணைப்பதில் தடுமாற்றம் வந்ததா, தெரிந்த சாலையில் திரும்பும் இடம் மறந்ததா, சீட்டுப் பணம் யாரிடம் கொடுத்தோம் என்று குழம்பினாரா, வழக்கமான குழம்பின் பக்குவம் மாறியதா என்றுதான் கேட்க வேண்டும்.

மொழியும் இதில் சேர்கிறது. 1911இல் வட ஆர்க்காட்டிலிருந்து பிரித்து உருவாக்கப்பட்ட சித்தூர் மாவட்டத்தில் தமிழும் தெலுங்கும் ஒரே வீட்டுக்குள் புழங்குகின்றன. 1960இல் திருத்தணி சென்னை மாநிலத்துக்கு வந்தது, புத்தூர் ஆந்திரத்தில் நின்றது. 2022இல் திருப்பதி தனி மாவட்டமானது. எல்லைகள் மாறினாலும் பேச்சு மாறவில்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நினைவாற்றலையும் சிந்தனையையும் அளக்க உருவாக்கி 2020இல் வெளியிட்ட சோதனைத் தொகுப்பு இந்தி, வங்காளம், தெலுங்கு, கன்னடம், மலையாளம் ஆகிய ஐந்து மொழிகளில் சரிபார்க்கப்பட்டது. அந்த ஐந்தில் தமிழ் இல்லை. தமிழை வீட்டு மொழியாகக் கொண்ட ஒருவரைத் திருப்பதியில் தெலுங்கில் சோதித்து மதிப்பெண் குறைந்தால், குறைந்தது நினைவா மொழியா என்று தெரியாது. நோயாளிக்கு எந்த மொழியில் கோபம் வருமோ அந்த மொழியில் சோதிக்க வேண்டும் என்பது என் அழுத்தமான கருத்து.

இருமொழிப் புழக்கத்தால் நன்மையும் இருக்கலாம். ஹைதராபாத் நிம்ஸ் மருத்துவமனையில் சுவர்ணா அல்லாடி குழுவினர் 648 நோயாளிகளை ஆராய்ந்து 2013இல் வெளியிட்ட கட்டுரையில், இரு மொழி பேசுபவர்களுக்கு மறதி நோய் சராசரியாக நாலரை ஆண்டு தாமதமாகத் தொடங்கியது என்று கண்டார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர்களிடமும் இந்த வேறுபாடு இருந்தது. மரபணுப் பிழையால் வரும் வகைக்கும் இது பொருந்தும் என்று கொள்வதற்கு அந்த ஆய்வில் இடமில்லை.

இனி மரபணு. மூன்று பெயர்களைத் தெரிந்துகொண்டால் போதும். 21ஆம் குரோமோசோமில் இருக்கும் ஏபிபி, 14ஆம் குரோமோசோமில் ப்ரெசெனிலின்-1, 1ஆம் குரோமோசோமில் ப்ரெசெனிலின்-2. மூன்றும் அமிலாய்டு என்ற புரதத் துணுக்கு மூளையில் உருவாவதோடு தொடர்புடையவை. ப்ரெசெனிலின்-1இல் மட்டும் 300க்கும் மேற்பட்ட பிழைகள் உலகெங்கும் பதிவாகியுள்ளன. பரம்பரை இளவயது அல்சைமரில் பெரும்பங்கு அதனால் வருவதே. ஏபிபி அல்லது ப்ரெசெனிலின்-1 பிழை உள்ளவர் போதிய ஆண்டுகள் வாழ்ந்தால் நோய் அநேகமாக நிச்சயம். ப்ரெசெனிலின்-2 சற்று இளகியது. தொடங்கும் வயது அதில் வெகுவாக மாறும், சிலருக்கு வராமலும் போகலாம்.

இந்த மூன்றும் பாலினக் குரோமோசோமில் இல்லை. ஆகையால் மகனுக்கு எவ்வளவு வாய்ப்போ மகளுக்கும் அவ்வளவே. இதைத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கிறது. நம் வீடுகளில் வம்சம் என்றால் ஆண்வழி. கோத்திரமும் வீட்டுப் பெயரும் அவ்வழியே போகின்றன. கட்டிக்கொடுத்த அத்தைக்கு ஐம்பது வயதில் என்ன ஆயிற்று என்பது பிறந்த வீட்டின் கணக்கில் சேருவதே இல்லை. ‘அப்பன் சாடை யாருக்கு இருக்கிறதோ அவனுக்குத்தான் வரும்’, ‘மூத்ததுக்கு வந்துவிட்டது, இனி இளையதுக்கு வராது’ என்பவையும் தவறு. ஒவ்வொரு பிள்ளைக்கும் தனித்தனியாகப் பாதிக்குப் பாதி. பிழையைப் பெறாத பிள்ளை அதைத் தன் பிள்ளைகளுக்குக் கடத்தவும் முடியாது.

சொந்தத்தில் மணம் முடிப்பதால்தான் இந்த நோய் வருகிறதா என்றும் கேட்பார்கள். பெற்றோரில் ஒருவரிடமிருந்து ஒரு பிரதி வந்தாலே நோய் வரும் என்பதால், சொந்தத் திருமணம் இதற்குக் காரணமில்லை. ஆனால் இந்தப் பிழை ஓடும் குடும்பத்தில் அக்காள் மகளை மணக்கும்போது நிலைமை வேறு. மாமனும் மருமகளும் இருவருமே பிழையைச் சுமந்தால் பிள்ளைக்கு அது சேரும் வாய்ப்பு 50இலிருந்து 75 விழுக்காடாகிறது. மணம் பேசும் காலத்தில் இருவருக்கும் இருபதுகள்தான். நோயின் நிழல்கூட அப்போது தெரியாது.

குடும்பக் கதையிலிருந்தே இந்த அறிவு முழுவதும் பிறந்தது. இங்கிலாந்தின் நாட்டிங்ஹாம் நகரத்து ஆசிரியை கேரல் ஜென்னிங்ஸ், 1980களின் நடுவில் தன் தந்தைக்கும் அவருடன் பிறந்தவர்களுக்கும் ஐம்பதுகளில் இந்த நோய் வந்திருப்பதைக் கவனித்து, லண்டன் ஆய்வாளர்களுக்குக் கடிதம் எழுதினார். அந்தக் குடும்பத்தின் ரத்த மாதிரிகளிலிருந்துதான் 1991இல் ஏபிபி மரபணுப் பிழை கண்டறியப்பட்டது. இன்று உலகெங்கும் நடக்கும் அமிலாய்டு மருந்து ஆராய்ச்சியின் பெரும்பகுதிக்கு அந்தக் கண்டுபிடிப்பே அடித்தளம். அதைவிட என்னை நெகிழவைப்பது வேறொன்று. கண்டுபிடிப்புக்கு வழிசெய்த கேரல், தனக்கு அந்தப் பிழை இருக்கிறதா என்று சோதித்துக்கொள்ளவே இல்லை. தெரியாமல் வாழும் உரிமையைத் தேர்ந்துகொண்டார். ஆராய்ச்சிக்காகவும் மற்ற குடும்பங்களுக்காகவும் அயராது உழைத்தார். ஐம்பதுகளில் நோய் அவருக்கும் வந்தது, 2024இல் காலமானார்.

கொலம்பியாவிலும் இப்படித்தான். அந்தியோக்கியா மலைக் கிராமங்களில் நாற்பதுகளிலேயே நினைவிழந்தவர்களைச் சந்தித்த நரம்பியல் மருத்துவர் ஃபிரான்சிஸ்கோ லோபேரா, 1980களிலிருந்து வீடு வீடாகச் சென்று வம்சாவளி வரைந்தார். ப்ரெசெனிலின்-1இல் ஒரே பிழையைச் சுமக்கும் பெருங்குடும்பம் ஒன்று அதில் வெளிப்பட்டது. உறவினர் எண்ணிக்கை ஆயிரக்கணக்கில். அந்தப் பிழை உள்ளவர்களுக்குச் சராசரியாக 44 வயதில் நினைவு தடுமாறத் தொடங்குகிறது, 49இல் முழு நோயாகிறது. ஆனால் அந்தக் குடும்பத்தைச் சேர்ந்த அலிரியா ரோசா பியத்ராஹிதா என்ற பெண்மணி எழுபதுகள் வரை தெளிவாக இருந்தார். அவரிடம் ஏபிஓஈ என்ற வேறொரு மரபணுவின் ‘கிறைஸ்ட்சர்ச்’ என்னும் அரிய வடிவம் இரண்டு பிரதிகள் இருந்ததை 2019இல் கண்டார்கள். விதி என்று எண்ணப்பட்ட பிழைக்கும் தடுப்பு உண்டு என்று அறிவியலுக்குக் கிடைத்த பெரிய சான்று இது.

இந்தியாவில் வேலை தொடங்கியிருக்கிறது. பெங்களூருவின் நிம்ஹான்ஸ், தேசிய உயிரியல் ஆய்வு மையம் ஆகியவற்றின் ஆய்வாளர்கள் அல்சைமர் நோய் ஓடும் இந்தியக் குடும்பங்களின் மரபணுத் தொகுப்பைப் படித்து 2018இல் முடிவுகளை வெளியிட்டார்கள். இத்தகைய வேலை இங்கே ஏன் தனியாக நடக்க வேண்டும் என்பதற்கு ஆந்திரத்திலேயே சான்று இருக்கிறது. 2017இல் தெற்காசியச் சமூகங்களை ஆராய்ந்த மரபியலாளர்கள், 263 சமூகக் குழுக்களில் 81, மிகச் சில மூதாதையரிடமிருந்து பெருகியவை என்று காட்டினார்கள். ஆர்ய வைசியர்களிடம் ஒரு நொதிக் குறைவு மிகுதியாக இருப்பதும், அறுவை மயக்க மருந்தோடு தரப்படும் தசைத்தளர்வு மருந்தால் அவர்களுக்கு ஆபத்து நேர்வதும் அதற்கு நன்கு அறியப்பட்ட எடுத்துக்காட்டு. கொலம்பியாவில் நடந்ததுபோல ஒரே பிழை ஒரு சமூகத்துக்குள் பரவியிருக்க இங்கும் வாய்ப்புண்டு. தேடினால்தான் தெரியும்.

சோதனையின் முறையை இப்போது பார்க்கலாம். முதல் விதி: நோய் வந்தவரைத்தான் முதலில் சோதிக்க வேண்டும். ஆரோக்கியமாக இருக்கும் மகளைச் சோதித்து ‘பிழை இல்லை’ என்று வந்தால் அதற்குப் பொருளே இல்லை. தந்தையிடம் இருக்கும் பிழை எது என்று தெரியாதபோது, எது இல்லை என்று சொல்வது? தந்தையிடம் குறிப்பிட்ட பிழை உறுதியான பிறகு, மகளிடம் அந்த ஒன்றை மட்டும் தேடினால் விடை தெளிவாக வரும். இரண்டாவது, எந்தச் சோதனை என்பது. வழக்கமான வரிசையறிதல், ஏபிபி மரபணு முழுதாக இரட்டித்திருப்பதைத் தவறவிடலாம். இளவயதில் குணமாற்றத்தோடு வரும் முன்மூளை மறதி நோய்க்குக் காரணமான வேறொரு மரபணுவின் நீட்சியையும் அது பிடிக்காது. அவற்றுக்குத் தனிச் சோதனை வேண்டும். மூன்றாவது, ‘பொருள் தெளிவில்லாத மாற்றம்’ என்று வரும் முடிவு. ஒப்பிட்டுப் பார்க்கும் தரவுத்தளங்களில் ஐரோப்பிய வம்சாவளியினரே மிகுதி என்பதால் இந்தியர்களுக்கு இந்த முடிவு அதிகம் வருகிறது. இது நோய்க்கான சான்று ஆகாது. இதை வைத்து எந்தப் பிள்ளையையும் சோதிக்கக் கூடாது. 10,000 இந்தியர்களின் மரபணுத் தொகுப்பைத் திரட்டிய ஜீனோம் இந்தியா திட்டத்தின் தரவு 2025 ஜனவரியில் ஆய்வாளர்களுக்குத் திறக்கப்பட்டது. அது இந்தக் குழப்பத்தைக் குறைக்க உதவும்.

ஏபிஓஈ-4 சோதனையை இதோடு கலக்கக் கூடாது. உடல்நலப் பொதிகளில் அதையும் சேர்த்து விற்கிறார்கள். அந்த வடிவத்தின் ஒரு பிரதி இருந்தால் முதுமையில் அல்சைமர் வரும் வாய்ப்பு இரண்டு மூன்று மடங்கு கூடும் என்பதெல்லாம் பெரும்பாலும் ஐரோப்பியர்களிடம் எடுத்த கணக்கு. அது இருந்தும் நோயில்லாமல் வாழ்பவர் பலர், இல்லாமலே நோயுற்றவர் பலர். மருத்துவ ஆலோசனை இல்லாமல் அதைச் செய்து பயந்துபோவது வீண்.

ஆரோக்கியமான பிள்ளைகளின் கேள்விதான் கடினமானது. ஹண்டிங்டன் என்ற பரம்பரை நரம்பு நோய்க்காக 1994இல் வகுத்த நெறிமுறைகளையே இதற்கும் பின்பற்றுகிறார்கள். சோதனைக்கு முன் ஆலோசனை, யோசிக்க இடைவெளி, முடிவை நேரில் சொல்லுதல், பிறகும் தொடர்ந்து கவனித்தல். 18 வயதுக்குக் குறைந்தவர்களைச் சோதிப்பதில்லை. எவரும் எந்தக் கட்டத்திலும் ‘வேண்டாம்’ என்று விலகலாம். மரபணு தெரிவதற்கு முன்பு பெரும்பான்மையோர் ‘சோதித்துக்கொள்வேன்’ என்று சொன்ன ஹண்டிங்டன் குடும்பங்களில், சோதனை வந்த பிறகு உண்மையில் செய்துகொண்டவர்கள் பத்தில் ஒருவர், இருவர்தான். நிம்ஹான்ஸில் ஹண்டிங்டன் போன்ற பரம்பரை நரம்பு நோய்களுக்கு மரபணு ஆலோசனைப் பிரிவு இயங்குகிறது. அந்த அனுபவம் அல்சைமர் குடும்பங்களுக்கும் பயன்பட வேண்டும்.

நம் சமூகத்தில் இந்த முடிவைத் தனி மனிதர் மட்டும் எடுப்பதில்லை என்பதும் உண்மை. ஒரு பேத்தி சோதித்துக்கொண்டு பிழை இருப்பதாக வந்தால், இடையில் இருக்கும் அவளுடைய அம்மாவின் முடிவும் கேட்காமலே வெளிப்பட்டுவிடும். தங்கையைப் பெண் பார்க்க வந்தவர்களிடம் யாராவது சொல்லிவிட்டால் அத்தனை பேரின் திருமணமும் தடைப்படும். மறைக்கிறார்கள் என்று குடும்பங்களைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. காக்கும் சட்டமும் போதவில்லை. மரபணு நோய் என்ற காரணத்தால் காப்பீடு மறுப்பது பாகுபாடு என்று 2018இல் டெல்லி உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆனால் அமெரிக்காவில் 2008இல் வந்ததுபோல, மரபணுப் பாகுபாட்டுக்கு எதிரான தனிச் சட்டம் இந்தியாவில் இல்லை.

குணமாக்க முடியாத நோயை முன்பே அறிந்து என்ன பயன்? இந்தக் கேள்விக்கு விடை மாறிக்கொண்டிருக்கிறது. பரம்பரை அல்சைமர் குடும்பங்களைத் தொடரும் ‘டயான்’ என்ற பன்னாட்டு ஆய்வு, அறிகுறிக்கு 15 முதல் 25 ஆண்டுகளுக்கு முன்பே உடலில் மாற்றங்கள் தொடங்குகின்றன என்று 2012இல் காட்டியது. அதே குடும்பங்களில் அறிகுறி வராதவர்களுக்கு அமிலாய்டை அகற்றும் மருந்தைச் சராசரியாக எட்டு ஆண்டுகள் தந்தபோது, அறிகுறி தோன்றும் அபாயம் ஏறத்தாழ பாதியானது என்று 2025இல் அறிவித்தார்கள். மிகச் சிறு குழுவில் கண்ட முடிவு, ஆகவே உறுதிப்பட வேண்டும். நோயாளிக்கு இன்றே கிடைக்கும் பயன்கள் வேறு: சரியான பெயர், தேவையற்ற மனநோய் மருந்துகளிலிருந்து விடுதலை, டோனெபெசில், மெமன்டைன் போன்ற மருந்துகளால் ஓரளவு துணை, தெளிவு இருக்கும்போதே நிலபுலனுக்கும் பிள்ளைகள் படிப்புக்கும் ஏற்பாடு.

புத்தூர்க்காரர்களுக்குத் தொலைவு தடையில்லை. திருப்பதியில் ஸ்விம்ஸ் மருத்துவமனை, வேலூரில் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி (சி.எம்.சி.), சற்றுத் தள்ளிப் பெங்களூருவில் நிம்ஹான்ஸ். தமிழிலும் தெலுங்கிலும் சோதிக்கக்கூடிய நினைவாற்றல் மருத்துவப் பிரிவும், அதோடு இணைந்த மரபணு ஆலோசகரும் திருப்பதியில் அரசுச் செலவில் இருக்க வேண்டும் என்று ஆந்திர, தமிழக அரசுகளை நாம் கேட்க வேண்டும். அதற்குக் காத்திருக்காமல் ஒவ்வொரு குடும்பமும் செய்யக்கூடிய வேலை ஒன்று உண்டு. உங்கள் வீட்டில் அறுபதுக்குள் நினைவோ பேச்சோ குணமோ மாறிப்போனவர் இருந்தால், மூன்று தலைமுறைப் பெயர்களை ஒரு தாளில் எழுதுங்கள். அத்தைகளையும் சித்திகளையும் கட்டிக்கொடுத்த மகள்களையும் விடாமல் சேருங்கள். யாருக்கு எந்த வயதில் எது முதலில் மாறியது, யார் எந்த வயதில் எதனால் இறந்தார் என்று ஒவ்வொரு பெயருக்கும் எதிரே குறித்து, அந்தத் தாளை நரம்பியல் மருத்துவரிடம் கொடுங்கள்.